விசில் வராத வண்டி

எட்டு வருஷம் நானும் மாமாவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். காலையில் டெப்போவை விட்டுக் கிளம்பினால் பொழுது சாயும்வரை ஒன்றாகத்தான் ஊரைச் சுற்றுவோம். நான் இரண்டு விசில் அடித்தால் வண்டியை எடுப்பார், ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார். அதற்கு மேல் பேச எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருமே வீம்பாக இருந்துவிட்டோம்.

மாமா என்றால் என் அக்காவைக் கட்டியவர். அவர்கள் வீடும் என் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. எனக்கென்று தனிக் குடும்பம் கிடையாது. என்னைக் கட்டியவன் வேலை தேடி வெளியூர் போனான். போன இடத்தில் வேலையோடு இன்னொரு பெண்டாட்டியையும் தேடிக்கொண்டான். விட்டது சனி என்று தலைமுழுகிவிட்டேன். அக்காவின் மகன்தான் எனக்கும் பிள்ளை. பெற்றது அவள், தூக்கிக்கொண்டு திரிந்தது நான். அவன் நடந்தால் சத்தமே வராது. அடுப்படியில் பின்னால் வந்து நின்று "சித்தி" என்பான், எனக்கு உயிர் போய்த் திரும்ப வரும். பூனை என்று நான் திட்டப்போய், தெருவுக்கே அவன் பூனையாகிவிட்டான்.

டெப்போவில் மாமாவின் பட்டப்பெயர் சட்டம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், வாலிப முறுக்கில், விசில் வருவதற்குள் ஒரு குத்துமதிப்பாக வண்டியை நகர்த்தியிருக்கிறார். படியில் ஒரு பெரியவர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு ஒரு கால் போயிற்று, மாமாவுக்குப் பல வருஷத் தூக்கம் போயிற்று. அன்றிலிருந்து வானம் இடிந்து விழுந்தாலும் கண்டக்டரின் இரண்டு விசில் வராமல் வண்டி நகராது. ஒருநாள் டெப்போ மேனேஜரே ஏறி உட்கார்ந்து, "எடுய்யா, நேரமாச்சு" என்றார். நான் பின்படியில் ஒருவனோடு சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டை முடிந்து நான் விசிலை வாயில் வைக்கும்வரை மாமா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் பேச்சு நின்ற கதையைச் சொல்வதென்றால் நாடு நாசமாய்ப் போன கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மாவு விலை ஏறியது. அப்புறம் எண்ணெய். அப்புறம் எது ஏறவில்லை என்று கேட்பதுதான் சுலபம் என்று ஆயிற்று. டெப்போவில் காலையில் ஒரு கட்டணம் சொல்லி அனுப்புவார்கள், மதியம் திரும்பினால் அது செல்லாது என்பார்கள். டிக்கெட்டின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, அதன் மேல் இன்னொரு ஸ்டாம்ப் குத்தி, கடைசியில் அது டிக்கெட்டா மைக்கறையா என்று தெரியாமல் போயிற்று. ஜனங்கள் தங்கள் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்தார்கள். மில் ஸ்டாப்பில் தினமும் ஏறும் ஒரு வாத்தியார் ஒருநாள் டிக்கெட்டுக்கு முட்டையை நீட்டினார். கௌரவமான மனுஷன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்கிப் பையில் போட்டேன். சாயங்காலம், வசூலில் முட்டையை எப்படிச் சேர்ப்பது என்று எனக்கும் கேஷியருக்கும் வாய்ச்சண்டை. சண்டை முற்றுவதற்குள் முட்டை உடைந்துவிட்டது.

மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அவர்களுக்கு ஒருவர் காலை ஒருவர் வாரவே நேரம் போதவில்லை. இன்று ஒரு கட்சி ஆட்சி, அடுத்த மாதம் அதன் பாதி இன்னொரு கட்சியோடு சேர்ந்து வேறு ஆட்சி. டெப்போ ஆபீஸ் சுவரில் ஆணி ஒன்றுதான் நிரந்தரம். அதில் தொங்கும் படத்தைக் கழற்றி மாட்டிக் கழற்றிப் பியூனுக்குத் தோள்பட்டையே இறங்கிவிட்டது. கடைசியில் கட்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே, விலைவாசி அடங்கும்வரைக்கும் என்று சொல்லி, ஒரு ஆளை இடைக்காலத் தலைவராக உட்கார வைத்தார்கள். யாருக்கும் வேண்டாதவர், அதனால் யாருக்கும் ஆபத்தில்லாதவர் என்று கணக்குப் போட்டார்கள். அவர் வந்ததும் சட்டசபைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பூட்டினார். இன்றுவரை அங்கே வெள்ளையடித்து முடியவில்லை. அவரைத் தலைவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் வைத்த பெயர் இடைக்காலம்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வந்த புதிதில் இடைக்காலம் நன்றாகத்தான் செய்வது போலிருந்தது. பதுக்கின வியாபாரிகளை விலங்கு மாட்டித் தெருவில் நடக்க வைத்தார். விலை நின்றது. அப்புறம் சரக்கும் நின்றுபோனது என்பது வேறு விஷயம். டீசல் நேரத்துக்கு வந்தது. டிரைவர்களுக்குப் புது உடுப்பு கொடுத்தார். பல மாதம் சம்பளம் என்று பேருக்கு வாங்கிக்கொண்டு, தலை குனிந்து வீட்டுக்கு வந்த மாமா, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை நான் பார்த்தேன். அன்றே இடைக்காலத்தின் படம் ஒன்றைக் கூடத்தில் மாட்டினார். ஒரு மனுஷனுக்கு மரியாதை திரும்பக் கிடைத்தால் கொடுத்தவன் யார் என்று அவன் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் முட்டை வாத்தியார் ஒருநாள் மில் ஸ்டாப்பில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சட்டசபை எப்போது திறக்கும் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டதாம், எனக்கும் அதுதான் தெரியவில்லை என்று இவர் சொன்னாராம். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏதாவது செஞ்சிருப்பான்" என்றார் மாமா.

"என்ன செஞ்சிருப்பாரு? தெரியாதத தெரியாதுன்னு சொல்லியிருப்பாரு."

"இங்க பாரு. ஸ்டியரிங்க ஒருத்தன்தான் புடிக்கணும். நாப்பது பேரு புடிச்சு இழுத்தா வண்டி பள்ளத்துலதான் போகும். இத்தன நாளு அப்படித்தானே போச்சு?"

"ஓட்டுறது ஒருத்தர்தான் மாமா. யாரு இல்லன்னா? ஆனா பின்னாடி நின்னு நிறுத்துன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமா இல்லியா? நான் எதுக்கு உங்க வண்டில இருக்கேன்?"

"பஸ்ஸு வேற, நாடு வேற."

"பஸ்ஸுல நாப்பது உசுரு. அதுக்கே ரெண்டு பேரு போட்டிருக்காங்க."

மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அக்கா என்னை முறைத்தாள். அன்று நின்ற பேச்சு. அதற்குப் பிறகு அக்காதான் தபால்காரி. "உன் மாமாவுக்குக் காய்ச்சல், வேகமா வெரட்டாதடி" என்பாள். நான் எப்படி வேகமாக விரட்டுவேன், ஓட்டுவது அவர். இருந்தாலும் அன்றைக்கெல்லாம் விசிலை மெதுவாக அடிப்பேன்.

நின்ற விலை ஒருநாள் மறுபடி ஏறத்தானே செய்யும்? ஏறியது. இந்த முறை திட்டுவதற்குக் கட்சிகள் இல்லை, வியாபாரிகளும் மிச்சமில்லை. உடனே இடைக்காலத்துக்கு ஆற்றின் அக்கரை ஞாபகம் வந்துவிட்டது. நம் மாவையெல்லாம் அக்கரைக்காரன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று ரேடியோ காலையும் மாலையும் சொன்னது. எனக்கு அக்கரையைத் தெரியும். முன்பெல்லாம் எங்கள் வண்டி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சந்தைவரை போகும். அங்கே கடைசி ஸ்டாப்பில் ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார்கள். நான் முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்திருப்பார்கள். மாமாவுக்குச் சர்க்கரை கூடாது என்று என்னைவிட அந்த அம்மாவுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

"அந்த அம்மா நம்ம மாவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கு? கொண்டைக்குள்ளயா?" என்று ஒருநாள் வண்டியில் சத்தமாகவே கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்சீட்டில் இருந்த ஒரு பெண் என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, வாயை மூடு என்று கண்ணைக் காட்டினாள். என் மேல் உள்ள அக்கறையில்தான் கிள்ளினாள். அந்த ஊரில் அப்போது அக்கறை அப்படித்தான் இருந்தது.

பாலத்தை அடைத்தார்கள். சீக்கிரமே சண்டை தொடங்கியது. பக்கத்து டெப்போ வண்டிகளில் பையன்களை ஏற்றி ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். போன வண்டிகள் திரும்பி வந்தபோது சீட்டுகளைக் கழற்றியிருந்தார்கள், படுக்க வைத்துக் கொண்டுவருவதற்காக. எங்கள் டெப்போவில்தான் அவற்றைக் கழுவினார்கள். வண்டி கழுவும் அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நெடுநேரம் தண்ணீர் அடித்துக்கொண்டே நின்றதைப் பார்த்தேன். என்னம்மா என்று கேட்டேன். "போக மாட்டேங்குது" என்றது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் எங்கள் பகுதியின் முறை. ஒலிபெருக்கி கட்டின வேன் தெருத்தெருவாக வந்தது. பத்தொன்பது வயசு நிறைந்த பையன்கள் எல்லோரும் சந்தை மைதானத்துக்கு வர வேண்டும், அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுபோவார்கள். எங்கள் வண்டிதான் முன்வண்டி. ஓட்டுவது மாமா. பூனைக்கு அந்த மாதம்தான் பத்தொன்பது முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்தவன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா எனக்குப் பூட்ஸ் வாங்கிட்டு வந்திருக்காரு. அவரே பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்காரு."

"உனக்குப் போகணுமா?"

"இல்ல சித்தி. எனக்கு அக்கரைக்காரன் மேல என்ன கோவம்? பயமாவும் இருக்கு. ஆனா அத அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அவரு டெப்போ பூரா சொல்லி வெச்சிருக்காரு. நீ சொல்லேன்."

"எங்களுக்குள்ள பேச்சில்லன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். "பேசாம இருந்து என்ன சாதிச்சீங்க?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா."

"ரொம்ப நல்லா இருக்குடி. அவரு ஓட்டுவாரு. நீ விசிலடிப்ப. ரெண்டு பேரும் ஒத்துமையா எம்புள்ளயக் கொண்டு போயி விட்டுட்டு வாங்க."

"நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அந்த ஆளப் புடிக்காதுன்னு ஊருக்கே தெரியும்."

"உனக்குப் புடிக்காது. அவருக்குப் புடிக்கும். எனக்கு என்ன வித்தியாசம்? வண்டி ஓடுதே."

எட்டு வருஷமாக நான் மட்டும் நிமிர்ந்து நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்கா நாலு வார்த்தையில் அதைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் உடுப்பைப் போட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பயணத்துக்குக் கண்டக்டர் வேண்டாம் என்றுதான் மேலிடத்து உத்தரவு. டிக்கெட் கிடையாது, கண்டக்டர் எதற்கு? காலையில் டெப்போவில் மேனேஜர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாமா அப்போது டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கண்டக்டர் இல்லாம நான் எப்ப சார் வண்டி எடுத்திருக்கேன்?" என்றார்.

"இது மிலிட்டரி டிரிப்புய்யா."

"எந்த டிரிப்பா இருந்தா என்ன? பின்படி எனக்குத் தெரியாது. யாராவது விழுந்தா யாரு பாக்குறது?"

மேனேஜர் ராணுவக் கேப்டனுக்குப் போன் செய்தார். ஏறித் தொலையட்டும் என்று பதில் வந்திருக்க வேண்டும். நான் ஏறினேன். மாமா எனக்காகப் பேசவில்லை, சட்டத்துக்காகப் பேசினார் என்று அப்போது நினைத்தேன்.

சந்தை மைதானத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர். ஒரு பக்கம் சாலை, இன்னொரு பக்கம் சாக்கடைக் கால்வாய். வெளியே போக ஒரே கேட். உள்ளே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் வண்டி முன்னால், மூக்கும் முன்வாசலும் கேட்டுக்கு வெளியே, வால் உள்ளே. வெளியே சாலையில் அம்மாக்கள் கூட்டம். அக்கா முன்னாலேயே நின்றாள். பாண்டு வாசித்தார்கள். வாசித்தவர்களிலும் பாதிப் பேர் அந்த வயசுதான்.

கேப்டன் சின்னப் பையன். மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்த முகம். என்னிடம் வந்து, "விசில் அடிங்க, கிளம்பட்டும்" என்றார்.

"இருங்க சார். இன்னும் கேக்கல" என்றேன்.

"எத?"

நான் வண்டிக்குள் திரும்பினேன். முன்கூட்டியே யோசித்து வைத்ததில்லை. கால் தானாகப் பழைய வேலைக்குப் போயிற்று. முதல் சீட்டில் இருந்தவனிடம் குனிந்து, தினமும் கேட்பதைக் கேட்டேன்.

"எங்கப்பா போகணும்?"

அவன் விழித்தான். பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். அவனும் விழித்தான். மூன்றாவது சீட்டில் ஒருவன், யோசிக்காமல், பழக்கத்தில், "மில் ஸ்டாப்பு, அக்கா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் தலையாட்டிவிட்டு அடுத்தவனிடம் போனேன். அவன், "ஆஸ்பத்திரி முக்கு" என்றான். அடுத்தவன், "தண்ணித் தொட்டி." அதற்குப் பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் தன் ஸ்டாப்பைச் சொன்னான். ஒருவன் சொல்லும்போதே அழுதுவிட்டான். கடைசி சீட்டில் பூனை, பளபளக்கும் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு?"

"வீட்டுக்கு, சித்தி."

அவன் அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். டிரைவர்களுக்கு முதுகிலும் கண்.

நான் படிக்கு வந்தேன். "எல்லாரையும் கேட்டுட்டேன் சார். நீங்க சொல்ற எடத்துக்குப் போகணும்னு ஒருத்தரும் இல்ல. விசில் அடிக்க முடியாது."

கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சிவந்தது. "உனக்குப் பைத்தியமா?"

"இல்ல சார். கண்டக்டர்."

அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போய் மாமாவின் ஜன்னலைத் தட்டினார். "எடு வண்டிய."

மாமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "விசில் வரல சார்."

"நான் சொல்றேன், எடு."

"விசில் வரணும் சார்."

கேப்டன் பாய்ந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். கழுத்துக் கயிற்றை அறுத்து விசிலைப் பிடுங்கினார். எனக்குக் காதில் குளவி பறந்தது. சாலையில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. கேப்டன் விசிலை வாயில் வைத்து, தன் ஆத்திரம் தீரும் மட்டும், நீளமாக ஒரே ஒரு ஊது ஊதினார்.

மாமா என்ஜினை அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"என்னய்யா பண்ற?"

"ஒரு விசில்னா நிறுத்தணும் சார். நிறுத்திட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா 'க்ளுக்' என்று சிரித்தாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் அடக்க முடியவில்லை. வண்டிக்குள் பையன்கள் சிரித்தார்கள், பாண்டுக்காரன் ஒருவன் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். அந்த ஊரில் எத்தனையோ வருஷமாக ஒருவரும் வெளியில் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. வீங்கின கன்னத்தோடு நானும் சிரித்தேன். வலித்தது, பரவாயில்லை.

ஒரு சிப்பாய் கேப்டனிடம் போய்க் காதில், "ரெண்டு தடவ ஊதணும் சார்" என்றான். எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு அப்படியே அடங்கியது. கேப்டன் இரண்டு தடவை ஊதினார். சரியாகத்தான் ஊதினார்.

இதுவரை மாமா ஒளிந்துகொள்ள சட்டம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இரண்டு விசில் வந்துவிட்டது. இடைக்காலத்தின் படத்தைக் கூடத்தில் மாட்டியவர், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டவர், இனி எடுக்காமல் இருக்க அவருக்கு என்ன காரணம்? நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சாவியை உருவினார். கதவைத் திறந்து இறங்கினார். இடைக்காலம் கொடுத்த உடுப்பு, மடிப்புக் கலையாமல். சுவரோரம் நடந்து போய், கால்வாயில், நாற்றமெடுக்கும் அந்தக் கறுப்புத் தண்ணீரில், அரசாங்கச் சாவியை விட்டெறிந்தார். வாழ்நாளில் ஒரு ஸ்பானரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன்.

"அது என் கண்டக்டர் அடிச்ச விசில் இல்ல" என்றார் கேப்டனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசின முதல் பேச்சு ஒரு அதட்டல்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கடைசி ஸ்டாப்புன்னு சொல்லேன்."

கண்டக்டர் குரல், ஒரு பர்லாங் தூரம் கேட்கும். "கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் எறங்குங்க. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்."

பையன்கள் எழுந்தார்கள். காலம் பூரா அந்தக் குரலைக் கேட்டு இறங்கிப் பழகின கால்கள். முன்வாசல் வழியாகச் சாலையில் இறங்கினார்கள். இறங்கினவனை எல்லாம் அம்மாக்கள் கூட்டம் உள்ளே இழுத்துக்கொண்டது, எவள் பிள்ளை என்று பார்க்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளில் இருந்தவர்களும் குதித்து, எங்கள் வண்டியின் பின்படியில் ஏறி முன்படியில் இறங்கினார்கள். கேட்டை அடைத்துக்கொண்டு நின்ற எங்கள் வண்டியைத் தாண்டி ராணுவ ஜீப் எதுவும் வெளியே வர முடியவில்லை. கேப்டன் வானத்தைப் பார்த்துச் சுட்டார். அதற்குள் என் நெஞ்சுக்கு நேராக ஒரு தலை வந்தது. பூனை. பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அதை அப்பாவின் காலடியில் வைத்தான். மாமா அவன் பிடரியைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். அந்தக் கூட்டத்தில் அவன் எந்தப் பக்கம் போனான் என்று பெற்ற தாய்க்கும் தெரியவில்லை. சத்தமில்லாமல் போய்விட்டான்.

அதனால் சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. வேறு டெப்போக்கள் இருந்தன, வேறு டிரைவர்கள் இருந்தார்கள். தப்பியவர்களில் சிலரை அன்று மாலையே பிடித்தார்கள். எங்களை அங்கேயே பிடித்தார்கள், நாங்கள் ஓடவும் இல்லை. அக்காவை மட்டும் கூட்டத்தில் விட்டுவிட்டார்கள்.

இப்போது நான் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. மாமா கீழ்த்தளத்தில், நான் மேலே. பிடித்துக் கொண்டுவந்த அன்றே எங்கள் இரண்டு பேரையும் ஒரு அறையில் எதிரெதிரே உட்கார வைத்து, கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் விசாரித்தார். யார் தலைமை என்று அவருக்குத் தெரிய வேண்டும். முழுத் தண்டனையும் தலைமைக்குத்தான் என்றார்.

"நான்தான்" என்றார் மாமா. "சாவிய எறிஞ்சது நான்."

"அவரு எங்க எறிஞ்சாரு? அதுக்கு முன்னாடியே வண்டி நின்னாச்சு. விசிலடிக்க மாட்டேன்னது நான். எழுதிக்குங்க சார்."

"என்ஜின அணைச்சது யாரு? இவளா அணைச்சா? இவளுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது."

"எனக்கா தெரியாது? எத்தன வருஷமா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். சார், இவரு இடைக்காலத்தோட படத்தக் கூடத்துல மாட்டி வெச்சிருக்கிற ஆளு. இவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"அதக் கழட்டியாச்சு. நேத்து ராத்திரியே கழட்டிட்டேன்" என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் உதடு கிழிந்திருந்தது. நேத்து ராத்திரி என்றால் மைதானத்துக்குப் போவதற்கு முந்தின இரவு. அப்படியென்றால் என்னை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவர் டெப்போவில் அடம்பிடித்தது எதற்கு என்று எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் புரிந்தது. அவர் தனியாகச் செய்யப் பயந்திருக்கிறார். என்னைப் போலவே.

அதிகாரிக்குத் தலைவலி வந்துவிட்டது. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். வராந்தாவிலும் நாங்கள் சண்டையை நிறுத்தவில்லை. எட்டு வருஷப் பாக்கி.

மாமாவைப் பிறகு நான் பார்க்கவில்லை. சுவரில் காதை வைத்தால் சில நாள் அவர் இருமல் கேட்கும். கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அதிகாரி மட்டும் தவறாமல் வருகிறார். அடிப்பார், அடிக்காமலும் கேட்பார். எப்போது வந்தாலும் ஒரே கேள்விதான்.

"அந்தப் பையன் எங்க? உன் அக்கா மகன். எங்க ஒளிஞ்சிருக்கான்?"

எனக்கு எப்படித் தெரியும்? நிஜமாகவே தெரியாது. ஆனால் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் வயிற்றில் பாலை வார்த்துவிட்டுப் போகிறார் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. இன்று காலையும் வந்தார், கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளில் முதல் முறையாக மரியாதையோடு பதில் சொன்னேன்.

"தெரியாதுங்க சார். நாளைக்கும் வந்து கேளுங்க."